அங்கம்மா உலகம் வெடித்த திங்கட்கிழமை

ஒரு திங்கட்கிழமை, காலைத் தேத்தண்ணி நேரத்தில், நான் ஓர் உலகத்தை வெடிக்க வைத்தேன்.

பத்தாம் நம்பர் மலையின் ரோட்டோரத்தில் எங்கள் கூட்டம் உட்கார்ந்திருந்தது. என்னைச் சுற்றிப் பதினான்கு பெண்கள். போத்தலில் கொண்டுவந்த வெறும் தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூடைகளிலிருந்து பச்சைக் கொழுந்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. நான் நடுவில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

“கரும்புகைத் தளபதி கப்பலத் திருப்புனான். ஒரே ஒரு குண்டு. அம்புட்டுத்தான். அங்கம்மா ஒலகம் இருந்த எடத்துல இப்ப வெறும் தூளுதான் பறக்குது.”

மூக்காயி அக்கா நக்கப்போன சீனியை நக்காமல் அப்படியே வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

அங்கம்மா அத்தை என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மிச்சத் தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றினார். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை இறுக்கிக்கொண்டார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினார். வழக்கமாகக் கொழுந்து பறிக்கும் நிரையை விட்டுவிட்டு, ஆகக் கடைசி நிரைக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. நல்லா வேணும் என்று நினைத்தேன். அன்று காலையில்தான் அவர் கங்காணியிடம், “சரசு கத சொல்ற வேகத்துல முத்தல் எலையும் சேத்துப் பறிக்கிறா” என்று போட்டுக்கொடுத்திருந்தார். என் கூடையில் பாதியைக் கங்காணி வழியில் கொட்டிவிட்டார். பத்தொன்பது வயசுக்காரிக்கு ஓர் உலகத்தை அழிக்க அது போதாதா?

அந்தக் குண்டில் என் கல்யாணமும் சேர்ந்து வெடித்துவிட்டது என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

பெட்டரி தீர்ந்த இடத்தில்

தேயிலை மலையில் உனக்கு ஏது விண்வெளி என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு பெட்டரி செய்த வேலை.

கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி, ரப்பர் தோட்டங்களைக் கடந்து, தேயிலை தொடங்கும் இடத்தில் இறங்கினால் எங்கள் தோட்டம். என்ன ஆண்டு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அதை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முழு லயத்துக்கும் ஒரே டீவி, வாச்சர் வீட்டில். அது கார் பெட்டரியில் ஓடும். சனிக்கிழமை யாராவது ஒருவர் அந்தப் பெட்டரியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் பின் சீட்டுக்கு அடியில் வைத்து, டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவருவார். கைப்பிள்ளையைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒரு விண்வெளி நாடகம் போடுவார்கள். வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள், கீழே சிங்கள எழுத்து ஓடும். எங்கள் ஆட்கள் சிங்களம் தண்ணீர்போலப் பேசுவார்கள், எழுத்துத்தான் தெரியாது. நான் பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துப் படித்தவள். அதனால் வாசலில் நின்று, சிங்களத்தில் படித்துத் தமிழில் கத்துவது என் வேலையானது.

வில்லங்கம் என்னவென்றால், அதற்கு முன் போகும் பாட்டையும் செய்தியையும் பார்த்தே பெட்டரி பாதி செத்துவிடும். நாடகம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துப் படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கும். கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அதுவும் போய்விடும். ஒரு நாடகத்தின் முடிவைக்கூட நாங்கள் பார்த்தது கிடையாது.

மறுநாள் மலையில் மூக்காயி அக்கா கேட்டார். “ஏன்டி சரசு, கப்பல்ல மாட்டிக்கிட்டாளே, அந்தப் புள்ள என்னா ஆனா?”

“தப்பிச்சிட்டாக்கா,” என்றேன். வேறென்ன சொல்ல?

“எப்புடி?”

அந்த ‘எப்புடி’யில் பிடித்தது சனியன். அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. ஆறே மாதத்தில் என் கதைக்கும் டீவிக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரு வாரம் பெட்டரி அதிசயமாகக் கடைசிவரை நின்றது. முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு மூக்காயி அக்கா சொன்னார், “அவனுங்க தப்பா எடுத்திருக்கானுங்க.”

துரை விழுந்த மலையும் மூன்று நிலாவும்

அந்த வெள்ளைக்கார உலகங்களின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எனவே எங்கள் வழக்கப்படியே பெயர் வைத்தேன்.

எங்கள் வழக்கம் என்பது இதுதான். தோட்டத்து மலைகளுக்கு ஆபீஸில் நம்பர் மட்டும்தான். ஆட்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். ஒன்று ‘பாம்பு செத்த மலை’. இன்னொன்று ‘தொரை விழுந்த மலை’. நான் பிறப்பதற்கு முன்னால் தோட்டத்தை நடத்திய ஏதோ ஒரு துரை அங்கே மோட்டார் சைக்கிளோடு தண்ணீர்க் கானுக்குள் விழுந்திருக்கிறார். விழுந்த அன்றைக்குப் பயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அதற்கும் சேர்த்து, அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் சிரிக்கிறோம்.

அந்தப் பழக்கத்தில் என் உலகங்களுக்கும் கூட்டத்துப் பெண்களின் பெயரையே வைத்தேன். பதினான்கு பெண்கள், பதினான்கு உலகம். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் பிற்காலத்திலும் செய்ததில்லை.

மூக்காயி அக்கா தன் உலகத்துக்கு மூன்று நிலா வேண்டும் என்றார். “நம்ம லயத்துக் காம்பிராவுலதான் கரண்ட் இல்ல, அங்கயாச்சும் வெளிச்சமா இருக்கட்டும்.” கொடுத்தேன். உடனே பக்கத்து நிரைக்காரி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள், அவளுக்கு ஒரே ஒரு நிலாதானாம். இன்னொருத்தி, “அவளும் நானும் ஒரே சூரியனையா சுத்துறது? தண்ணிப் பைப்புச் சண்டைக்கே இன்னும் தீர்வு வரல” என்றாள். அவளுக்காக மட்டும் ஒரு தனிச் சூரியன் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் சோமாவதி, “மட்டத் எக்கக் தென்னகோ” என்று கையை நீட்டினாள். எனக்கும் ஒன்று கொடேன் என்று அர்த்தம். சோமாவதி உலகத்தில் ஆறெல்லாம் கித்துள் பனையின் இனிப்புப் பாணி ஓடியது. ஒரு வாரம் அவள் எனக்கு நிஜப் பாணியே கொண்டுவந்து கொடுத்தாள்.

பெருமாள் கங்காணி தொடக்கத்தில், “கத என்னா கத! கைய ஆட்டுங்க, கைய ஆட்டுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் நின்றே கேட்டார். ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எல்லாப் பொம்பளைக்கும் ஒலகம் இருக்கு. எனக்கு?” என்றார். கத்திக்கொண்டே வந்து கத்திக்கொண்டே போவதற்கு வானத்தில் வால்வெள்ளி ஒன்றுதான் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுத்தேன். பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டார்.

அங்கம்மா அத்தை மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் கூட்டத்திலேயே அதிகம் கொழுந்து பறிப்பவர் அவர்தான். அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அந்த முறையில் எனக்கு அத்தை. பேச்சு குறைவு, கை இரண்டும் காற்று. கேட்காதவருக்கு நானாகவே பெரியதாகச் செய்தேன். அங்கம்மா உலகத்து ராணி விடியுமுன் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் எல்லாருக்கும் முதலில் நின்று பெயர் கொடுத்து, ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோ கொழுந்து பறிப்பாள். அதைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ரப்பர் விறகுக் கப்பல்

அங்கம்மா அத்தையின் மகன் பெயர் ஜெயராஜ். பெக்டரியில் ட்ரையர் அறையில் வேலை. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளித் தள்ளி முகம் எப்போதும் சிவந்திருக்கும். அல்லது என்னைப் பார்க்கும்போது மட்டும் சிவந்திருந்ததோ என்னவோ.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என்னிடம் கேட்டார். “ஒங்க கப்பல் எதுல ஓடுதுங்க?”

“பெற்றோல்ல.”

“அம்புட்டுத் தூரத்துக்கு பெற்றோலு எங்க போய் ஊத்துவீங்க? வெறகு போடுங்க. ரப்பர் வெறகு. நின்னு எரியும்.”

அன்றிலிருந்து என் விண்கப்பல்களின் பின்பக்கத்தில் இரண்டு பேர் வியர்க்க வியர்க்க விறகு தள்ளினார்கள். கதைக்கு அது நல்ல பலத்தைக் கொடுத்தது. விறகு தீர்ந்துபோவதைப்போலப் பயங்கரமான இடம் ஒரு கதையில் வேறு கிடையாது.

அவரே எனக்குக் கிழிந்த தேயிலைக் கடதாசிப் பைகளைக் கொண்டுவந்து கொடுத்தார், உலகங்களை வரைந்து வைக்க. மேற்சூரியன், நடுச்சூரியன், கீழ்ச்சூரியன், அப்புறம் அந்தப் பைப்புச் சண்டைக்காரியின் தனிச் சூரியன். ஒவ்வொரு உலகத்திலும் உச்சியில் ஒரு பங்களா, நடுவில் ஒரு பெக்டரி, அடிவாரத்தில் லயம் என்று கரியால் வரைந்தேன். பையில் கொஞ்சம் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட மனம் வராமல் அதன்மேலேயே வரைவேன். எங்களுக்குள் ஒரு கடிதமும் போனதில்லை. அந்தத் தூள் மட்டும்தான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த மனுஷனின் அம்மாவுடைய உலகத்தைத்தான் நான் குண்டு வைத்துத் தகர்த்தேன்.

வராத தட்டு

அன்று சாயந்தரம் மூக்காயி அக்கா என்னை வழியில் மடக்கினார்.

“பாவி மக, என்னாடி செஞ்சு வச்சிருக்க? வெள்ளிக்கெழம வெத்தல பாக்குத் தட்டோட ஒங்க காம்பிராவுக்கு வர இருந்திச்சுடி அந்த மனுசி. மகனுக்கு ஒன்னையக் கேட்டு. ஒங்க அப்பாகிட்ட சொல்லியாச்சு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கு ஏன் சொல்லல?”

“ஒனக்குச் சொன்னா பதினாலு ஒலகத்துக்கும் தெரிஞ்சிரும்ல.”

ஆகப் பதினான்கு உலகத்துக்கும் ஏற்கெனவே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. “பேரு வச்ச ஒலகம் தூளாப் போனா எந்த மனுசிக்குத்தான் நல்லாருக்கும்? நல்ல காரியம் நடக்கப்போற வாரத்துல சகுனம் பாக்க மாட்டாங்களா?” என்று சொல்லிவிட்டுப் போனார் மூக்காயி அக்கா.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா கஹவத்தையிலிருந்து பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிவந்து தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடிவைத்தார். அப்பா தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. நாலு காம்பிரா தள்ளித்தான் அவர்கள் வீடு. அவர்கள் வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தச் சட்டையைக் கழற்றாமலேயே படுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன் என்று எனக்கு இருந்த திமிரெல்லாம் அந்தச் சட்டையைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

தூளும் ஒரு ரகம்

திங்கட்கிழமை மலையில் நான் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். “அது வெடிக்கலக்கா. வெறும் பொகதான். ஒலகம் பின்னால பத்திரமா இருந்திச்சு.”

கூட்டம் கொதித்துவிட்டது. “நான் அழுதேன்டி! அழுதது என்னா சும்மாவா?” என்றார் மூக்காயி அக்கா. சோமாவதி விரலை ஆட்டினாள். “நே, நே, சரசு. செத்தா செத்ததுதான்.” இவர்களுக்காகத்தான் நான் கதை சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். கதை எப்போதோ அவர்கள் கைக்குப் போயிருந்தது.

ஜெயராஜிடம் சொன்னேன். அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார். “பெக்டரியில தூளக் குப்பைன்னா சொல்றோம்? கூட்டி அள்ளிச் சலிச்சா அதுவும் ஒரு ரகம். டஸ்ட்டு. ஒலகத்தையும் சலிச்சிருங்க.”

இதைக் கூட்டம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிப் போய்விடும், எங்களுக்குக் குடிக்கக் கிடைப்பது அந்தத் தூள்தான். சாயம் அதில்தான் அதிகம். மூன்று கப்பல்கள், ஒரு மலையளவு சல்லடை, நாலு நாள் சலிப்பு. அங்கம்மா உலகம் முன்னைவிடக் கறுப்பாக, முன்னைவிடச் சாயமாகத் திரும்பி வந்தது. பெருமாள் கங்காணியே விசில் அடித்தார்.

அத்தை கடைசி நிரையில் இருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

பீலிக்கரையில்

ஞாயிறு மத்தியானம் அவரைத் தேடிப் போனேன். பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை குந்தி உட்கார்ந்து படங்கைத் துவைத்துக்கொண்டிருந்தார். தேயிலைக் கறை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

“அத்தை, ஒங்க ஒலகம் திரும்பி வந்திருச்சு.”

“யாரு கேட்டா?”

“கோவத்துல வெடிக்க வச்சிட்டேன். மன்னிச்சிருங்க.”

படங்கைக் கல்லில் ஓங்கி அறைந்தார். “வெடிச்சதுக்கா நான் கோவப்பட்டேன்னு நெனச்ச? அது வெடிச்சது நல்லதாப் போச்சு. விட்டுச்சு சனியன்னு இருந்தேன்.”

படங்கைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை அறைந்தார்.

“மொத நாள்ளருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்காயிக்கு மூணு நிலா. சோமாவதிக்குப் பாணி ஆறு. எனக்கு என்னா குடுத்த? ஆயிரம் கிலோ கொழுந்து! ராணிங்கிற. ராணி எதுக்குடி விடிய முன்ன எந்திரிச்சுப் பெரட்டுக்கு ஓடுறா? அம்புட்டுத் தூரம் கப்பலேறிப் போயும் அங்கயும் ஒரு பெக்டரிச் சங்கு. அங்கயும் ஒரு பங்களா, அதுக்குள்ள ஒரு தொரை. அந்தப் பொம்பள சாகுறவரைக்கும் ஒரு நாளாச்சும் கூடைய எறக்கி வச்சாளா? குண்டு போட்டப்பதான் அவளுக்கு ஓய்வே கெடச்சிச்சு.”

பதினான்கு உலகங்களையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். அத்தனையிலும் சங்கு ஊதியது. பாணி ஆற்றின் கரையில்கூட ஒரு கொழுந்து மடுவம் வைத்திருந்தேன். நான் வைத்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது.

“அத்தக்காரிக்கே ஆயிரம் கிலோ வச்சவ,” என்றார் அவர், படங்கைப் பிழிந்துகொண்டே, “மாமியாக்காரிக்கு எம்புட்டு வைப்ப? அந்தப் பயத்துலதான் வரல.”

அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

“சங்கு ஊதாத ஒலகம் ஒண்ணு செஞ்சுக் கொண்டா. அப்ப வாறேன்.”

இவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு வந்தேன். பதினான்கு செய்தவளுக்குப் பதினைந்தாவது ஒரு பெரிய காரியமா?

அத்தை பிடித்த துரைமார்

மூன்று வாரம் செத்தேன்.

அத்தை பழைய நிரைக்குத் திரும்பி வந்து, தேத்தண்ணி நேரத்தில் எனக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டார், பரீட்சை வைக்க வந்தவர் மாதிரி. முதலில் ஓர் அரண்மனை உலகம் கொண்டுபோனேன். நல்ல ராசா, தங்கமானவர், யாரையும் வேலை வாங்கமாட்டார். “அந்த ராசாவோட குதிரைய யாரு கழுவுறது?” என்றார் அத்தை. ஆட்கள் கழுவுவார்கள் என்றேன். “அவனுங்கள யாரு எழுப்பி விடுறது? தொரைதான்டி, வேசம் மாத்திக்கிட்டு வந்திருக்கான்.”

பிறகு மெஷின்களே கொழுந்து பறிக்கும் உலகம். மெஷினுக்கு எண்ணெய் விடுவது யார் என்று கேட்டார். ஒருத்தர் இருப்பார் என்று இழுத்தேன். “அவனுக்கு எத்தன மணிக்குச் சங்கு?”

தேயிலையே இல்லாத உலகம், சோறு தானாக வரும் உலகம் என்றும் பார்த்தேன். “தானா எங்கடி சோறு வருது? எவளோ ஒருத்தி எங்கயோ குனிஞ்சு ஊதிக்கிட்டிருக்கா,” என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெருமாள் கங்காணி, “கங்காணியே இல்லாம ஒரு ஒலகம் எப்புடி ஓடும்?” என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே ஏதோ தோன்றிவிட்டது. மலை உச்சியிலிருந்த துரை பங்களாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தைக் கேட்டேன். “சங்கு இல்லாட்டி நீங்க என்னாக்கா செய்வீங்க?”

“தூங்குவேன்,” என்றார் மூக்காயி அக்கா.

“அப்பறம்?”

உள்ளங்கைச் சீனியை நக்கி முடித்தார். “எந்திரிச்சு வெறகு பொறுக்கப் போவேன்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நாலு சூரியனையும் பாணி ஆற்றையும் ஒரே மூச்சில் செய்தவளுக்கு, ஒரு பொம்பளை சும்மா இருப்பதை மட்டும் செய்ய வரவில்லையே என்று கோபம்.

கடைசியில் ஜெயராஜிடம் போய், “ஒங்கம்மாவுக்கு என்னாதாங்க புடிக்கும்?” என்று கேட்டேன்.

பெக்டரி வாசலிலிருந்து எங்கள் லயம்வரை யோசித்துக்கொண்டே நடந்து வந்தார். “தெரியலங்க,” என்றார் கடைசியில், குரல் இறங்கி. “ஒண்ணே ஒண்ணு தெரியும். அம்மா தேத்தண்ணிய எப்பயும் ஆறிப்போய்த்தான் குடிக்கும். ஊத்தி வச்சிட்டு எனக்கு ரொட்டி கட்டும், அப்பாவுக்குக் கட்டும். அதுக்குள்ள சங்கு ஊதிரும். ஒரே மடக்குல பச்சத் தண்ணி மாதிரி ஊத்திக்கிட்டு ஓடும்.”

ஒன்றும் நடக்காத கதை

அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில் கல்லின்மேல் ஏறாமல் கீழேயே உட்கார்ந்தேன்.

“அங்கம்மா ஒலகம்,” என்று தொடங்கினேன். “அங்க விடிஞ்சிருச்சு. அங்கம்மா படுத்திருக்காங்க. பக்கத்துல ஒரு கோப்ப தேத்தண்ணி இருக்கு. ஆவி வருது. அங்கம்மா எந்திரிச்சு உக்காந்து அதக் குடிக்கிறாங்க. மெதுவாக் குடிக்கிறாங்க. முழுசும் குடிச்சு முடிக்கிறவரைக்கும் சூடு ஆறவே இல்ல.”

நிறுத்தினேன்.

“அப்பறம்?” என்றார் மூக்காயி அக்கா.

“அப்பறம் ஒண்ணுமில்லக்கா.”

“கரும்புகைத் தளபதி?”

“அவனுக்கு அங்க வழி தெரியாது.”

வானில் ஒரு குண்டும் வெடிக்காமல், விறகு தீராமல், நான் சொன்ன முதல் கதை அது. அத்தை தன் உள்ளங்கைச் சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தேன் என்று நினைக்கும் நேரத்தில் தலையை நிமிர்த்தினார்.

“அந்தத் தேத்தண்ணிய யாரு ஊத்தி வச்சது?”

மூக்காயி அக்கா என் தொடையைக் கிள்ளினார். மூன்று வாரமாக அவர் என்னைக் கவிழ்த்த அதே கேள்விதான். அதற்கு ஒரு பதிலும் நான் யோசித்துவைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

“நான்தான் அத்தை.”

அத்தை சீனியை நக்கி, ஒரு மடக்குக் குடித்து, எழுந்து படங்கை இறுக்கிக்கொண்டார்.

“வெள்ளிக்கெழம வாறேன். இந்த வாட்டி சட்டையோட படுக்க வேணாம்னு ஒங்க அப்பாகிட்ட சொல்லு.”

நாலு காம்பிரா தள்ளியிருந்தும் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தேங்காய் துருவிய சத்தம் எங்களுக்குக் கேட்டதுபோல.

எந்த உலகத்தில்

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாள் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டினேன். ரப்பர் விறகு, நின்று எரிந்தது. தேத்தண்ணி ஊற்றி, மூடி வைத்து, நாலு பேருக்கு ரொட்டி கட்டினேன்.

பெக்டரிச் சங்கு ஊதியது. அத்தை அசையவில்லை. இத்தனை வருஷத்தில் சங்குக்கு முன்னால் எழாத நாள் அவருக்கு இல்லை என்று தோட்டத்துக்கே தெரியும். எனக்குப் பயமாகிவிட்டது. கிட்டப் போய்க் குனிந்தேன்.

“அத்தை, சங்கு ஊதிருச்சு.”

கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். “எந்த ஒலகத்துல?”

கோப்பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். சுவரில் இரண்டு கூடைகள் தொங்கின. என்னுடையதை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டேன். ரோடு வளையும் முடக்கில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அவர் வாசல்படியில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பிரட்டுக்கு நேரமாகிவிட்டபடியால் இரண்டையும் அடக்கிக்கொண்டு ஓடினேன்.